நடு நெஞ்சுல கை வைக்கணும்

உக்காருங்க சார். எந்திரிச்சுராதீங்க. வர மாட்டேன்னு நான் சொல்லலியே. உங்க பள்ளிக்கூடத்துக்கு வாரேன், பொம்மையக் கொண்டாரேன், நின்னுபோன நெஞ்ச எப்படி அமுக்கி ஓட வைக்கணும்னு ஒம்பதாம் வகுப்புலருந்து பன்னெண்டு வரைக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தாரேன். ஆனா கடைசியா ஒண்ணு சொன்னீங்கல்லா? "பொம்பளப் பிள்ளைக சும்மா உக்காந்து பாக்கட்டும் சிஸ்டர், செஞ்சு பாக்கது பையங்க மட்டும் போதும், வீண் பிரச்சினை வேண்டாம்"னு. அதுக்குத்தான் உக்காரச் சொல்லுதேன். நான் சொல்லுதத முழுசாக் கேளுங்க. கேட்டுட்டு அதே வார்த்தைய இன்னொரு தடவ உங்க வாயால சொல்ல முடிஞ்சாச் சொல்லுங்க.

என் பேரு அமலோற்பவம்னு உங்களுக்குத் தெரியும். ரிட்டயர்டு நர்ஸுன்னும் தெரியும். முப்பத்தோரு வருசம் சார். அதுல பதினெட்டு வருசம் அவசரப் பிரிவுல. எனக்குக் கோவம் ஜாஸ்தின்னு எல்லாரும் சொல்லுவாங்க. வராம என்ன செய்யும்? நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு விழுந்த மனுசன ஆட்டோவுல மடியில போட்டுக் கொண்டாருவாங்க. நாலு பேரு கூட வருவாங்க. ஒருத்தன் துண்ட வச்சு விசிறுவான். ஒருத்தன் உள்ளங்கால்ல தேய்ப்பான். ஒருத்தன் வாயில சோடாவ ஊத்திக்கிட்டு வருவான். கையில ஒரு சாவிக்கொத்து வேற திணிச்சிருப்பாங்க. நெஞ்சுல மட்டும் ஒருத்தன் கை இருக்காது. "விழுந்து எவ்வளவு நேரமாச்சு?"ன்னு கேப்பேன். "ஒரு இருவது நிமிஷம் இருக்கும் சிஸ்டர்"ம்பான். இருவது நிமிஷம்! நாலு ஆம்பளைக, எட்டுக் கைய வச்சுக்கிட்டு என்னல பண்ணுனீங்கன்னு கத்திருவேன். டாக்டர் என்னையப் பிடிச்சு அங்குட்டு அனுப்புவாரு. அழுதுக்கிட்டு வந்தவங்கள்ட்ட இப்படியா பேசுவாங்கன்னு. நானும் அழத்தான் செஞ்சேன், அது யாருக்குத் தெரியும்?

அதான் ரிட்டயர் ஆன மறுமாசமே பொம்மைய வாங்குனேன். இடுப்புக்கு மேல மட்டும் உள்ள பொம்மை. நடு நெஞ்சுல சரியா ரெண்டு இஞ்சு ஆழத்துக்கு அமுக்குனா "டக்"குன்னு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தாத்தான் சரி. பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தா அது முப்பது, நாப்பது வருசம் ஊருக்குள்ள நடமாடும்லா, அதான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போக ஆரம்பிச்சேன்.

இது நடந்த பள்ளிக்கூடத்துப் பேரு வேண்டாம். ஆணும் பொண்ணும் சேந்து படிக்கிற ஸ்கூல், ஆனா வகுப்பு தனித்தனி. அங்க ஒரு பழைய மாணவர் வெளிநாட்டுலருந்து ஒரு ஷாக் மெஷின் வாங்கிக் குடுத்திருந்தாரு. சின்னப் பெட்டி மாதிரி இருக்கும். அதுலருந்து ரெண்டு பட்டை வரும். ஒட்ட வேண்டிய எடத்துல ஒட்டிட்டா, நின்ன இதயத்துக்கு அதுவே பாத்து ஷாக் குடுக்கும். எட்மாஸ்டர் சங்கரலிங்கம் சார் அத அவரு ரூம்ல கண்ணாடி அலமாரிக்குள்ள, விளையாட்டுல ஜெயிச்ச கோப்பைகளுக்கு நடுவுல வச்சிருந்தாரு. வாரவங்க எல்லாருக்கும் காட்டுவாரு. அவரு கெட்ட மனுசன்னு சொல்ல மாட்டேன். பயந்த மனுசன். அது அதவிட மோசம்.

ஜூலை மாசம் பிளஸ் ஒன்னுக்கு மொத வகுப்பு. பையங்க, பொண்ணுங்க எல்லாரும் ஒரே ஹால்ல. பொம்மைய வெளிய எடுத்ததும் ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும், அந்த வயசு அப்படித்தான். மூணாவது ஆளா ஒரு பொண்ணு வந்தா, பேச்சியம்மான்னு பேரு. பொம்மை பக்கத்துல முட்டி போட்டு, "கை எங்க வைக்கணும் சிஸ்டர்?"னு கேக்கும்போதே மணி அடிச்சுட்டு. "நாளைக்கு ட்டி"ன்னு அனுப்பிட்டேன்.

அந்த நாளைக்கு வரல சார். எவனோ ஒருத்தன் போன்ல படம் எடுத்திருக்கான். ஒரு பையன் பொம்மை நெஞ்சுல கை வச்சிருக்கான், சுத்தி பொண்ணுங்க சிரிச்சுக்கிட்டு நிக்காங்க. அவ்வளவுதான். மறுநாள் காலையில எட்மாஸ்டர் ரூம் வாசல்ல பிள்ளைகளப் பெத்தவங்க ஏழெட்டுப் பேரு. "நெஞ்சுல கை வைக்கதெல்லாம் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கதா? அதும் பொம்பளப் பிள்ளைகள முன்னால வச்சுக்கிட்டு?"ன்னு ஒரே சத்தம். நானும் கத்தினேன். "உம்ம பொண்டாட்டி விழுந்து கெடந்தா ஆள் தேடுவீரா, ஆம்பளையா பொம்பளையான்னு தேடுவீரா?"ன்னு ஒருத்தர்ட்ட கேட்டுட்டேன். அவரு அடிக்க வந்துட்டாரு. எட்மாஸ்டர் என்னைய உள்ள இழுத்துட்டுப் போயி, "சிஸ்டர், ஒரே ஒரு உபகாரம். பசங்க மட்டும் செய்யட்டும். பொண்ணுங்க கடைசி பெஞ்சுல உக்காந்து பாக்கட்டும். அப்புறம், அந்தப் பட்டை ஒட்டும்போது துணிய வெட்டி எடுக்கணும்னு சொல்லுவீங்கல்லா, அத மட்டும் விட்டுருங்க. இல்லன்னா வகுப்பே கெடையாது"ன்னாரு.

நான் என்ன செய்ய, சொல்லுங்க? ஒண்ணுமே இல்லாமப் போறதுக்குப் பாதியாவது இருக்கட்டும்னு நெனச்சேன். சரின்னுட்டேன்.

பையங்கள்ல ஒருத்தன் இசக்கிராஜா. கபடி ஆடுற பையன், நல்ல தோளு. அத்தன பேருக்கும் நடுவுல அவன் ஒருத்தன்தான் சிரிக்காமச் செஞ்சவன். முப்பது தடவ அமுக்குனா முப்பது "டக்"கும் கேக்கும். நான் சொல்லுதத ஒரு வார்த்தை விடாம நோட்டுல எழுதுவான். செப்டம்பர்ல ஒரு நாள் அவன்தான் எந்திரிச்சுக் கேட்டான், "சிஸ்டர், விழுந்தது பொம்பளையா இருந்தா?"ன்னு. ஹால் பூரா குபீர்னு சிரிப்பு. எட்மாஸ்டர் வாசல்ல நிக்காரு, என் மூஞ்சியவே பாக்காரு. என்னமோ ஒரு பதிலச் சொல்லி அந்தப் பேச்ச முடிச்சேன்.

கடைசி பெஞ்சுலருந்து பேச்சியம்மா, "எங்களுக்கு எப்ப சிஸ்டர்?"ம்பா. ஒவ்வொரு வகுப்புலயும் கேப்பா. ஒரு நாள், ரெண்டு நாள் கேட்டா பரவால்ல. எனக்கே எரிச்சல் உள்ளுக்குள்ள கெடக்கு, இவ வேற தார்க்குச்சி வச்சு குத்துதா. "ஏட்டி, வாய மூடிக்கிட்டு இருக்க முடியலன்னா வெளிய போ"ன்னுட்டேன். போயிட்டா. அதுக்கப்புறம் சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டு இருப்பா. சரியா எனக்கு ஞாபகம் இல்ல, ரெண்டு மூணு வகுப்பு இருக்கும்.

நவம்பர் பதினொண்ணாந்தேதி, மூணாவது பீரியடு.

நான் அங்க இல்ல. இருந்திருந்தா இத உங்கள்ட்டச் சொல்லிக்கிட்டு இருக்க மாட்டேன். பிள்ளைகள்ட்ட ஒவ்வொருத்தரா கேட்டுக் கேட்டு மனசுக்குள்ள அடுக்கி வச்சிருக்கேன். இசக்கிராஜா வகுப்புல கோமதி டீச்சர் கணக்கு நடத்திக்கிட்டு இருந்திருக்காங்க. நாப்பத்திரெண்டு வயசு. காலையிலருந்தே இடது தோள்பட்ட வலிக்குன்னு சொல்லியிருக்காங்க. போர்டுல எழுதிக்கிட்டே இருந்தவங்க சாக்பீஸோட அப்படியே சரிஞ்சுட்டாங்க.

பையங்க சும்மா நிக்கல சார், அதச் சொல்லணும். இசக்கிராஜா ஓடிப் போயி தோளத் தட்டிக் கூப்பிட்டிருக்கான். பதில் இல்ல. டீச்சர் வாயத் தொறந்து தொறந்து ஒரு இழுப்பு இழுத்திருக்காங்க. மத்தவன்லாம் "மூச்சு இருக்குல, மூச்சு இருக்கு"ங்கான். இவனுக்குத் தெரியும், அது மூச்சு இல்லன்னு. நான் நடிச்சே காட்டியிருக்கேன். "அது மூச்சு இல்லல, நெஞ்சு நின்னுட்டு"ன்னு இவன்தான் சொல்லியிருக்கான். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டிருக்கான். எந்த வாசல் வழியா வரணும்னுகூட விவரமாச் சொல்லியிருக்கான். மெஷின எடுத்துட்டு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கான். எல்லாம் செஞ்சான். எல்லாம் செஞ்சுட்டு, ரெண்டடி தள்ளி நின்னுட்டான்.

நாப்பது பையங்க. வட்டமா நிக்காங்க. ஒருத்தனும் தொடல.

பொண்ணுங்க அடுத்த வகுப்புல இருந்திருக்காங்க. சத்தம் கேட்டு ஓடி வந்தது பேச்சியம்மா. வந்தவ ஒரு கேள்வி கேக்கல. முட்டி போட்டு, ரெண்டு கையவும் கோத்து, அமுக்க ஆரம்பிச்சிருக்கா. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சத்தமா எண்ணிக்கிட்டு. மத்த பொண்ணுங்க துப்பட்டாவக் கழட்டி சுத்தி மறைப்புக் கட்டி நின்னிருக்காங்க. யாரு சொல்லிக் குடுத்தா அவங்களுக்கு? நான் இல்ல.

அதுக்குள்ள மெஷின் வந்துட்டு. பெட்டியத் தொறந்ததும் அது பேசுது, இங்கிலீஷ்ல. மொத வேலையா நெஞ்சுல உள்ள துணிய எடுங்கன்னு சொல்லுது. பையங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. எட்மாஸ்டர் வந்து நிக்காரு, "பாத்து, பாத்து"ங்காரு. எதப் பாக்கணும்னு சொல்லல. பட்டைய எங்க ஒட்டணும்னு பொண்ணுங்களுக்குத் தெரியாது. மெஷின் பேசுன இங்கிலீஷும் வெளங்கல, துணிய எடுக்கணும்னு யாரும் அவங்களுக்குச் சொன்னதும் இல்ல. ஜாக்கெட்டுக்கு மேலயே ஒட்டிட்டாங்க. மெஷின் திரும்பத் திரும்ப, பட்டையச் சரி பாருங்க, பட்டையச் சரி பாருங்கன்னு சொல்லிக்கிட்டே கெடந்திருக்கு. ஷாக் குடுக்கல. துணி மேல ஒட்டுனா அது எப்படிக் குடுக்கும்?

ஆம்புலன்ஸ் வர பதினாலு நிமிஷம். அவங்களக் குத்தம் சொல்ல முடியாது, இருக்க தூரம் அப்படி. வந்து எறங்கின பையன் மொதல்ல பாத்தது என்ன தெரியுமா? பேச்சியம்மா இன்னும் அமுக்கிக்கிட்டே இருக்கா. விடல. ஆனா கை நெஞ்சுல இல்ல. அதுக்குக் கீழ, வயித்துக்கு மேல. சன்னல் வழியாப் பாத்தா எடம் எப்படித் தெரியும் சார்? தெரிஞ்சவன் தொடல. தொட்டவளுக்குத் தெரியல.

கோமதி டீச்சர ஆஸ்பத்திரியில பாத்துட்டு, முடிஞ்சு போச்சுன்னுட்டாங்க. அவங்களுக்கு ஏழாவது படிக்கிற ஒரு பொண்ணு இருக்கு.

எனக்குப் போன் வந்தப்ப யாரக் கொல்லலாம்னு இருந்துச்சு. எட்மாஸ்டரத் திட்டினேன். அன்னைக்கு ரூம் வாசல்ல என்னைய அடிக்க வந்தவருல்லா, அவரு டீச்சர் வீட்டுக்கு மாலையோட வந்திருந்தாரு. அவர்ட்டப் போயி, "இப்பத் திருப்தியா?"ன்னு கேட்டேன். நாலு பேரு என்னையப் பிடிச்சு அங்குட்டு கூட்டிட்டுப் போனாங்க. ஆனா உள்ளுக்குள்ள எனக்கு எவன் மேல கோவம்னா, அந்த இசக்கிராஜா மேலதான். மத்தவனுக்குத் தெரியாதுன்னு வைங்க. இவனுக்குத் தெரியும்லா? முப்பதுக்கு முப்பது அமுக்குனவன்லா?

மூணாம் நாள் பள்ளிக்கூடத்துல இரங்கல் கூட்டம். என்னையும் பேசச் சொன்னாங்க. பேசப் போனவ, மைக்கப் பிடிச்சுக்கிட்டு, அத்தன பிள்ளைக முன்னால, "இசக்கிராஜா, எந்திரி"ன்னேன். எந்திரிச்சான். "உனக்கு நான் சொல்லித் தந்தேனா இல்லியா?" "தந்தீங்க சிஸ்டர்." "அப்ப ஏன்ல நின்ன? கபடியில ஆளப் பிடிக்கத் தெரியுது, ஒரு உசுரப் பிடிக்கத் தெரியலியா? கோழை"ன்னேன். ஆமா சார், சொன்னேன். மைக்குல.

அவன் அழல. குனிஞ்சு பையிலருந்து நோட்ட எடுத்தான். பக்கத்தப் புரட்டினான். செவப்பு மையில கோடு போட்டிருந்துச்சுன்னு அப்புறம் பாத்தேன். வாசிச்சான், பாடம் ஒப்பிக்க மாதிரி. "விழுந்தது பெண் என்றால், பக்கத்தில் உள்ள பெண்களைக் கூப்பிட வேண்டும். நாம் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். செப்டம்பர் நாலு. சிஸ்டர் சொன்னது." வாசிச்சுட்டு, "அப்படித்தான் சிஸ்டர் நின்னேன்"னான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுல"ன்னேன். ஒரு பேச்சுக்கு! கையக்கூட ஓங்கிட்டேன், எதுக்கு ஓங்கினேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. எட்மாஸ்டர் ஓடி வந்து மைக்க வாங்கிட்டாரு.

மறுநாள்லருந்து அவன் பள்ளிக்கூடத்துக்கு வரலன்னாங்க. பத்து நாள் பொறுத்துப் பாத்துட்டு வீட்டுக்குப் போனேன். அவங்க அம்மா பீடி சுத்துற அம்மா. தட்டு மடியில இருக்கு, கை நிக்காம ஓடுது, என்னையப் பாக்கவே இல்ல. "உள்ள படுத்துக் கெடக்கான். சாப்பிடக் கூப்பிட்டாக் கைய கைய பாக்கான் சிஸ்டர். நீங்க அவனத் திட்டத்தான வந்தீங்க? திட்டிட்டுப் போங்க"ன்னாங்க. வழி பூரா ஒரு வார்த்தையச் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன் சார். அவன் எந்திரிச்சு வந்து முன்னால நின்னதும், "ஏல, பரீட்ச வருது, ஏன் பள்ளிக்கூடம் போவல?"ன்னுதான் வாயில வந்துச்சு. "போறேன் சிஸ்டர்"னான். நானும் திரும்பி வந்துட்டேன். பஸ் ஏறி உக்காந்தப்புறம் என் மேலயே அப்படி ஒரு ஆத்திரம், கண்டக்டர்ட்டச் சண்டை போட்டேன்.

ஜனவரியில எட்மாஸ்டர் போன் பண்ணி, "மறுபடி வாங்க சிஸ்டர், நீங்க சொல்லுதபடி"ன்னாரு. எப்படிச் சொல்லுதேனோ அப்படித்தானான்னு மூணு தடவ கேட்டேன். இந்தத் தடவ பொம்மைக்கு என் பழைய ஜாக்கெட்ட மாட்டி, சேலையவும் சுத்திக் கொண்டுபோனேன். மெஷினையும் அலமாரியிலருந்து எடுக்கச் சொல்லி, வராந்தா சுவத்துல எல்லாருக்கும் கை எட்டுற எடத்துல மாட்ட வச்சேன். ஹால்ல ஆணும் பொண்ணும் கலந்து உக்காரச் சொன்னேன். அந்தப் பெத்தவங்களையும் வரச் சொல்லியிருந்தேன். நாலு பேரு வந்து பின்னால நின்னாங்க. இசக்கிராஜா வந்திருந்தான், கடைசி வரிசையில, தலையக் குனிஞ்சுக்கிட்டு. அவனக் கூப்பிட எனக்கு வாய் வரல.

"பேச்சியம்மா, நீ மொதல்ல வா"ன்னேன்.

வந்தா. முட்டி போட்டா. சேலைய வெலக்கி, ஜாக்கெட்ட கத்திரி வச்சு நடுவுல வெட்டச் சொன்னேன், வெட்டினா. ஒருத்தரும் சிரிக்கல. அவ கையப் பிடிச்சு, ரெண்டு மாருக்கும் நடுவுல, அந்த எலும்பு மேல வச்சேன். "இங்க. அமுக்கு"ன்னேன். அமுக்கினா. "டக்"குன்னுச்சு. அந்தச் சத்தத்தக் கேட்டதும் அப்படியே நிறுத்திட்டா. கையப் பாக்கா, பொம்மையப் பாக்கா, என்னையப் பாக்கா.

"சிஸ்டர், அன்னைக்கு நான் வச்சது இங்க இல்லல்லா?"

ஹால்ல அத்தன பேரும் இருக்காங்க. இல்லன்னு சொன்னா அந்தப் பிள்ள என்ன ஆவா? சரியாத்தான் வச்சன்னு சொல்லிரலாமான்னு ஒரு நிமிஷம் நெனச்சேன். ஆனா ஒரு தடவ வாய்க்கு வந்தத ஒரு பேச்சுக்குச் சொன்னதுல என்ன ஆச்சுன்னு பாத்தாச்சுல்லா.

"இல்ல ட்டி. அதுக்குக் கீழ வச்சிருந்த. உனக்குத் தெரியாம இருந்தது என் தப்பு. கடைசி பெஞ்சுல உக்காருன்னு சொன்னது நான். வெளிய போன்னு சொன்னதும் நான்"னேன். சொல்லும்போதே பின்னால திரும்பி, "பொம்பளைன்னாத் தள்ளி நில்லுன்னு சொன்னதும் நான்தாம்ல. அந்தப் பையன் தப்பு இல்ல. எல்லாரும் கேட்டுக்கிடுங்க"ன்னேன். எட்மாஸ்டர் தரையப் பாக்காரு. பின்னால நின்ன பெத்தவங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல. பேச்சியம்மா கண்ணுலருந்து தண்ணி கொட்டுது. நான் அவளத் தேத்தல. எனக்குத் தேத்தத் தெரியாது. "நிறுத்தாத ட்டி, அமுக்கு, எண்ணு"ன்னு அதட்டினேன். எண்ண ஆரம்பிச்சா.

முப்பது ஆச்சு. அறுவது ஆச்சு. இருநூறு தாண்டிட்டு. கை தளருது அவளுக்கு, "டக்" சத்தம் விட்டு விட்டு வருது. ஒருத்தரே அமுக்குனா அப்படித்தான், ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ ஆள் மாறணும். அடுத்து யாரக் கூப்பிடன்னு நான் திரும்பிப் பாக்கேன்.

கடைசி வரிசையிலருந்து ஒருத்தன் பெஞ்சுகளுக்கு நடுவுல வந்தான். யாரும் கூப்பிடல. பொம்மைக்கு அந்தப் பக்கம் முட்டி போட்டு, "ரெண்டு நிமிஷம் ஆயிட்டு, தள்ளு"ன்னு சொன்னான் பேச்சியம்மாட்ட. அவ கைய எடுக்கதுக்கும் இவன் கைய வைக்கதுக்கும் நடுவுல ஒரு எண்ணுகூட விடல சார். வெட்டின ஜாக்கெட்டுக்கு நடுவுல, சரியான எடத்துல வச்சான். அவதான் எண்ணினா. அவன் அமுக்கினான்.